கால் ஊன்றாத சைக்கிள்

தங்கையன் மூன்று நாளாகத் திடலைச் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தான். சாப்பாடு, குளியல் எல்லாம் சைக்கிளிலேயே. கால் தரையில் படக்கூடாது. வசூலாகும் பணத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுவார்கள்.

மனைவி அம்சவல்லி கூடவே ஓடி ஒரு வாய் சோறு ஊட்டினாள். “கூரைக்கு வேண்டியது சேர்ந்திடுச்சு. எறங்குங்களேன்!”

“இன்னும் ஒரு நாள் பொறு.”

பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கும் மிராசுதார்தான் விழாவுக்குத் தலைமை. கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஒரே குஷி. தங்கையன் சட்டையில் பத்து ரூபாய் நோட்டைக் குத்திவிட்டார்.

“எறங்கிடாதடா! நாளைக்கும் ஓட்டு!”

“ஐயா, நம்ம வேலை கெடக்குதுங்களே” என்று இழுத்தார் கணக்குப்பிள்ளை.

“கெடக்கட்டும்யா. ஊரே இங்கதான் நிக்குது. இது முடியட்டும்.”

மறுநாள் தஞ்சாவூர் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிவந்தான் மைத்துனன் கோவிந்தராசு.

“மாமா! கோர்ட்டுல தடை வாங்கியாச்சு! இனிமே இந்தப் பொறம்போக்குத் திடலை யாரும் வளைச்சு வேலி போட முடியாது!”

தங்கையன் நிதானமாகக் காலை ஊன்றினான்.

மிராசுதார் திரும்பித் தன் மாட்டுவண்டியைப் பார்த்தார். ஏற்றி வந்த வேலிக்கல் நாலு நாளாக அதிலேயே இருந்தது.

தங்கையன் அவரைப் பார்த்துக் கைகூப்பினான்.

“எல்லாம் ஐயா குடுத்த ஊக்கந்தாங்க!”