பாட்டுக்கு ஒரு வால்

"செத்துப் போனவன்கிட்ட என்னடா ரோஷம் உனக்கு?"

டிரம்ஸ்காரன் போட்ட சத்தத்தில் ஸ்டூடியோவே திரும்பிப் பார்த்தது. ட்ரம்பெட்காரன் மட்டும் அசையவில்லை. மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ட்ரம்பெட் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.

அவர்களுடையது ஸ்கா-பங்க் என்கிற துள்ளல் இசை வாசிக்கும் குழு. கேட்கிறவன் எழுந்து குதிக்கணும். ட்ரம்பெட் இல்லையென்றால் பாட்டு உப்புச் சப்பில்லாமல் போய்விடும். போன மாதம் பாடகன் மாரடைப்பில் பொசுக்கென்று போய்விட்டான். நல்லவேளை, அவன் குரல் முழுக்கப் பதிவாகியிருந்தது. இந்த ஆல்பத்தோடு கடையைக் கட்டிவிடலாம் என்று முடிவு. கடைசிப் பாட்டுக்கு ட்ரம்பெட் மட்டும்தான் பாக்கி. அதற்குத்தான் இந்த முரண்டு.

"என் பாட்டுல உன் ட்ரம்பெட்டே வேணாம்னுட்டான். வாசிக்க மாட்டேன்."

"அது கோவத்துல சொன்னதுடா! முடிவுல வர்ற அந்த நீட்டு ஊதலை எடுத்துடுன்னான். வால் மாதிரி தொங்குதுன்னான். நீதான் முடியாதுன்னு அடம்பிடிச்ச."

"என்கிட்ட அவன் கடைசியா பேசினதே அதுதான்டா. அதையும் மீறச் சொல்றியா?"

குரல் உடைந்துவிட்டது. டிரம்ஸ்காரன் கையிலிருந்த குச்சிகளைக் கீழே வைத்தான். இத்தனை நாளும் இதைத் திமிர் என்றல்லவா திட்டிக்கொண்டிருந்தான்!

அப்போது பாடகனின் மனைவி உள்ளே வந்தாள். கையில் அவனுடைய போன்.

"தம்பி, இதைக் கேளுங்க. நேத்துதான் இதைத் திறக்கவே எனக்கு மனசு வந்துச்சு. உங்களோட சண்டை போட்டுட்டு வந்தாரே, அன்னிக்குச் சமையல்ரூம்ல பாடி ரெக்கார்ட் பண்ணியிருக்கார்."

பாடகனின் குரல். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம். ட்ரம்பெட் வரவேண்டிய இடம் வந்தது. ட்ரம்பெட்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பாம் பாம் பப்பா பாம்... பபபாஆஆஆம்!"

வாயாலேயே ஊதியிருந்தான் பாடகன். அந்த வாலையும் விடவில்லை! தொடர்ந்து ஒரு சிரிப்பு.

"படவா, நல்லாத்தான் இருக்கு. உடனே சொன்னா தலையில ஏறி உக்காந்துப்பான். ரெண்டு நாள் தவிக்க விட்டுச் சொல்லுவோம்."

ட்ரம்பெட்காரன் அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். நெஞ்சில் ஒரு மாதமாகக் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தான்.

"அப்பாடா! அந்த வாலோட சேர்த்தே வாசிடா" என்றான் டிரம்ஸ்காரன்.

"வாலை மட்டும் வாசிக்க மாட்டேன்."

"ஐயோ, மறுபடியுமா?"

"போன்ல இருக்கறதை அப்படியே சேர்த்துடுங்கடா. என்னைவிட அவன்தான் நல்லா ஊதியிருக்கான்!"