நாற்பது நிமிட வெற்றுப்பக்கம்

செவ்வாய்க் கிரகத்துச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் கணவன் அருளப்பனோடு பேச, பூரணி தானே ஒரு வலைப்பக்கம் எழுதியிருந்தாள். எல்லா வசதியும் உள்ள பெரிய ஃபிரேம்வொர்க்கில், அதாவது ஆயத்த மென்பொருள் சட்டகத்தில், கட்டியது. செவ்வாய்க்குச் செய்தி போய்ப் பதில் வர நாற்பது நிமிடமாகும். அதுவரை அந்த ஃபிரேம்வொர்க்கே அவன் சொல்லக்கூடியதை ஊகித்து அவன் குரலில் பேசும்.

மகளுக்கு முதல் பல் விழுந்த செய்தியைச் சொன்னாள். "அடடே! பத்திரமா எடுத்து வை" என்று குரல் உடனே சிரித்தது. வழக்கம்போல் மூடிவிட்டு எழப்போனவள், அன்று ஏனோ அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

நாற்பது நிமிடம் கழித்து உண்மையான அருளப்பன் திரையில் வந்தான். அழுதுகொண்டிருந்தான். "பக்கத்துல இல்லாமப் போயிட்டேனே, பூரணி."

பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தாள். அவள் கேட்காமல் விட்ட அவன் பதில்கள் பதினொன்று கிடந்தன.

மறுநாளே பழைய நிரலையெல்லாம் அழித்துவிட்டு, மிகச் சிறிய ஃபிரேம்வொர்க் ஒன்றில் பக்கத்தை மறுபடி எழுதினாள்.

"இதுல ஒண்ணுமே இல்லையே, அக்கா" என்றாள் உடன் வேலை செய்யும் ஜெசிந்தா.

"அவரு பேசுற வரைக்கும் ஒண்ணும் இருக்க வேண்டாம்டி."

அன்று மாலை வெற்றுத்திரை முன் காத்திருந்தாள். கடைசியில் ஒரு சொல் வந்தது: "இருக்கியா?"

"இருக்கேங்க" என்று எழுதினாள். அது அவனைச் சேர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.