மாப்பிள்ளை காரின் பெல்ட்

போல்ட்டுகளைப் போட்டு வைத்திருந்த டப்பாவுக்குள் மாப்பிள்ளை பாபுல் வெற்றிலை எச்சிலைத் துப்பினான்.

வேண்டுமென்று துப்பவில்லை. குனிந்து பார்க்காமல் துப்பினான். அவன் காலுக்குக் கீழே இருப்பதெல்லாம் அவனுக்குத் துப்புகிற இடம்தான்.

நான் ஒவ்வொரு போல்ட்டாகச் சிவப்புக் கொழகொழப்புக்குள்ளிருந்து பொறுக்கி இடுப்புச் சாரத்தில் துடைத்தேன்.

"எவ்வளவு நேரமாகும் மாமா? வெளிச்சம் இருக்கிறப்பவே அவளக் கூட்டிக்கிட்டுக் கந்தப்பளைக்குப் போய்ச் சேரணும்."

"டைமிங் பெல்ட்டு வேலைங்க மாப்புள. அவசரப்பட்டா என்ஜின் செத்துரும்."

அந்த 'ங்க' வாயோடு சரி. மனசுக்குள் அவனுக்கு நான் மரியாதை கொடுத்து மாசக்கணக்காகிறது.

அவன் அறைந்த அறையில் என் மகள் ஜெயந்தினிக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதும் பாதிதான். வீட்டுக்கு வந்து படுத்தவளுடைய காதிலிருந்து வடிந்தது தலையணையில் ஊறி, துவைத்த பிறகும் நாறுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்துத் தலைவர்மார் கோயிலடியில் கூடினார்கள். குடும்பம் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும், அடுத்த ஞாயிறு புள்ளையை அனுப்பிவிடு என்றார்கள். என் வீட்டுத் தேத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்கள். அவள் போகமாட்டேன் என்று சொன்னதை ஒருத்தரும் கணக்கில் எடுக்கவில்லை.

நான் தலையை ஆட்டினேன்.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து மாப்பிள்ளை காரை ஸ்டார்ட் பண்ணியபோது பக்கத்தில் நின்று என்ஜின் சத்தத்தைக் கேட்டேன். "பெல்ட்டு சத்தம் சரியில்லைங்க. இறம்பொடை வளைவுல அறுந்தா பள்ளத்துலதான் தேடணும். புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்க, நானே மாத்தித் தாறேன்" என்றேன். தோட்டத்து லொறியை ஓட்டியும் கழற்றியும் கிழவனானவன் சொன்னால் யாரும் நம்புவார்கள். அதுவும் சும்மா செய்து தருகிறேன் என்றதும் அவனுடைய சிவப்புப் பல்லெல்லாம் வெளியே வந்தது.

அன்று முதல் அவனுடைய சித்தப்பா மகன் ஒருத்தன் எங்கள் லயத்து வீட்டு முன்னால் காவல் உட்கார்ந்தான். ஜெயந்தினி கக்கூசுக்குப் போனாலும் பின்னாலேயே போய்ப் பார்த்தான். இன்றைக்கு மாப்பிள்ளையே வந்துவிட்டதால் அவன் குடிக்கப் போய்விட்டான்.

ஜாக் வைத்துத் தூக்கிச் சில்லைக் கழற்றினேன். பெல்ட் மூடியைத் திறந்தேன். மேல் சக்கரத்துக் குறியையும் கீழ்ச் சக்கரத்துக் குறியையும் நேராக்கினேன். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் இழுவையைத் தளர்த்தி, அதை உருவினேன்.

இனி இந்தக் கார் அசையாது.

"மாப்புள, கொஞ்சம் வாங்க. இந்த மேல் சக்கரத்த ரெண்டு கையாலயும் பிடிங்க. ஒரு பல்லு நகர்ந்தாலும் வால்வெல்லாம் வளைஞ்சிரும்."

"கையெல்லாம் கிறீஸ் ஆகுமே மாமா."

"கார் உங்களோடதுங்க."

முனகிக்கொண்டே குனிந்து பிடித்தான். தலை பொனட்டுக்குள், பின்பக்கம் ரோட்டுக்கு. அவன் பூசியிருந்த சென்டும் பாபுல் வாடையும் சேர்ந்து என் மூக்கில் ஏறின.

கீழே வளைவில் கண்டி பஸ் ஹார்ன் அடித்தது. நின்றது. கிளம்பியது.

"விட்டுறாதீங்க மாப்புள."

என் மனைவி பேச்சியம்மா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "ஜெயந்தினி, மாப்புளைக்குத் தேத்தண்ணி ஊத்தும்மா."

உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை.

மாப்பிள்ளை பொனட்டுக்குள்ளேயே சிரித்தான். "செவிட்டு முண்டத்துக்கு அது எங்க கேக்கும்? சத்தமாக் கூப்பிடுங்க அத்த."

சிரித்த சிரிப்பில் ஒரு சிவப்புத் துளி என் கையில் தெறித்தது. நான் துடைக்கவில்லை. கையை எடுத்தால் கன்னத்தில்தான் போய் நிற்கும் என்று தெரியும்.

பேச்சியம்மா இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். பிறகு, "காது கேக்கல பாவம்" என்று எழுந்து போய் அவளே ஊற்றிக்கொண்டு வந்தாள்.

அவன் கையை எடுக்க முடியாது. நான்தான் அவன் வாயில் வைத்துக் குடிக்கக் கொடுத்தேன். குடித்து முடித்து ஏப்பம் விட்டான்.

புதுப் பெல்ட்டை மாட்டினேன். இழுவையை இறுக்கினேன். ஸ்பெனரால் என்ஜினை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். குறிகள் நேராக வந்து நின்றன. எச்சில் பட்ட போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கினேன். அவசரப்படவில்லை. நடுவில் ஒரு போல்ட்டைக் காணோம் என்று புல்லுக்குள் தேடினேன். மடியில்தான் இருந்தது.

வெயில் சாய்ந்தபோது கார் ஸ்டார்ட் ஆனது. சுத்தமான சத்தம்.

மாப்பிள்ளை கையை என் சாரத்து நுனியிலேயே துடைத்தான். "அவளக் கூப்பிடுங்க மாமா. பேக்கத் தூக்கிட்டு வரட்டும்."

"நீங்களே கூப்பிடுங்க. சத்தமா."

கூப்பிட்டான். பிறகு கத்தினான். பிறகு சப்பாத்தோடு காம்பரா அறைக்குள் போனான்.

பேச்சியம்மா நறுக்கினதையே நறுக்கிக்கொண்டிருந்தாள்.

உள்ளே ஏதோ உடைந்தது. பானையாக இருக்கும். உடைக்கட்டும்.

அவள் ஏறிய பஸ் இந்நேரம் கண்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அங்கிருந்து எங்கே என்று நான் அவளிடம் கேட்கவில்லை. யாரையும் நம்பாதவன், என் வாயை மட்டும் எப்படி நம்புவேன்?

கழற்றிப் போட்ட பெல்ட் புல்லில் கிடந்தது. எடுத்து வளைத்துப் பார்த்தேன். பிசிறு இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. பல்லெல்லாம் அப்படியே இருந்தது.

இன்னும் இரண்டு வருஷம் தாராளமாக ஓடியிருக்கும்.