பிடித்திருக்கிறது என்றாள்

அந்தக் குடியிருப்பில் மாதாமாதம் சுவர்கள் தாமாகவே நிறம் மாறும். திரைச்சீலையும் செடிகளும் அதற்கேற்ப வந்து இறங்கும். திலகவதி மட்டும் தன் வீட்டுச் சுவரை மாறவிடாமல் நிறுத்தி வைத்திருந்தாள்; வந்திறங்கிய எதையும் உள்ளே விடவில்லை. காப்பித்தூள் பாட்டிலில் மணி பிளான்ட், ஃபிரிட்ஜ் மேல் பின்னல் துணி, ஷோகேஸில் தலையாட்டி பொம்மை என்று மூன்று வருஷமாக ஒன்றும் இடம் மாறவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நலத்துறை அலுவலர் வந்தார். அவள் கொடுத்த காப்பியை வாங்கிக் குடித்தார்.

"இதெல்லாம் யார் ஞாபகமா வச்சிருக்கீங்கம்மா?"

"யார் ஞாபகமும் இல்ல சார். எனக்குப் பிடிச்சிருக்கு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அம்மா தவறிட்டாங்கன்னு சொல்லுங்க. துக்கம்னா ஆறு மாசம் விட்டுவைப்பாங்க. சும்மா பிடிச்சிருக்குன்னு பழசையே வச்சிருந்தா நோய்னுதான் எழுதணும்."

அம்மா ஊரில் கல்லுக்குண்டாட்டம் இருந்தாள். உயிரோடிருப்பவளைச் செத்ததாகச் சொல்ல திலகவதிக்கு வாய் வரவில்லை.

"பிடிச்சிருக்கு சார்" என்றாள் மறுபடியும்.

அவர் எழுதிக்கொண்டு கிளம்பினார். அவள் செடிக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு, வேலைக்குப் போகப் பையை எடுத்துக்கொண்டு கதவில் விரலை வைத்தாள். திறக்கவில்லை. விரலைப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் சுவர்கள் மெதுவாக நிறம் மாறத் தொடங்கின.