வரைபடத்தில் இல்லாத மடு

காலை வெயில் மேசையில் விரித்த ஆற்று வரைபடத்தின்மேல் கிடக்கிறது. ட்ரவுட் மீனுக்கு மேலாறு, பாஸ் மீனுக்கு அணைப்பக்கம் என்று, மீன்பிடிக்க வருபவர்களை ஆற்றுக்குக் கூட்டிப்போகும் தூண்டில் வழிகாட்டி பென்சிலால் கோடிழுக்கிறான். பக்கத்தில் கூட்டாளியான மச்சான், மீனை ஏய்க்கும் பூச்சிபோல, தூண்டில் முள்ளில் நூலால் இறகு கட்டுகிறான். "அதெல்லாம் இருக்கட்டும்ங்க. பிளந்த பாறைக்குப் பின்னால ஒரு மடு இருக்காமே?" என்கிறார் மீன்பிடிப் பயணம் பேச வந்தவர். பென்சில் நிற்கிறது. ட்ரவுட் முட்டையிடும் அந்த மடுவை யாருக்கும் காட்டுவதில்லை என்பது வழிகாட்டியும் மச்சானும் தங்களுக்குள் செய்துகொண்ட சத்தியம். பெற்ற அப்பா கெஞ்சிக் கேட்டும் வழிகாட்டி வாய் திறந்ததில்லை. "யாருங்க சொன்னது?" என்கிறான். "என் தம்பிதான். போன வாரம் அவனை அங்க கூட்டிட்டுப் போனதே இவர்தானே!" என்று மச்சானைக் காட்டுகிறார். மச்சான் நிமிரவில்லை. முள் எப்போதோ தரையில் விழுந்துவிட்டது; நூலை மட்டும் தன் விரலிலேயே சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருக்கிறான்.