மீட்டரின் கடைசி எண்

ஷோரூமில் இரண்டு சின்ன கார்களைப் பார்த்தார் மகிழ்நன். ஒன்றின் வேகமீட்டர் நூற்றெண்பதோடு முடிந்தது. மற்றதான சிவப்பு காரில் இருநூற்று நாற்பது வரை இருந்தது. சிவப்பையே வாங்கினார்.

மூன்று வருடமாக அதன் வேகமுள் நாற்பதைத் தாண்டியதில்லை. பள்ளிக்கூடம், ஆபீஸ், வீடு. தெருவுக்கு நாலு வேகத்தடை.

"என் பக்கம் எப்பதான் வருவே?" என்று கேட்டது இருநூற்று நாற்பது.

"அவர் மிதிச்சாத்தானே வர முடியும்?" என்றது முள். "ஆனா வீட்டுக்கு யார் வந்தாலும் உன்னைத்தானே விரல் வச்சுக் காட்டுறார்."

இருநூற்று நாற்பதுக்கு அது போதுமாக இருந்தது.

ஒருநாள் நண்பரை ஏற்றிக்கொண்டு வந்த மகிழ்நன், வேகத்தடையில் ஏறி இறங்கியபடியே சொன்னார்: "வண்டியை மாத்தப்போறேன். இதுல வேகம் பத்தல. இருநூத்தி எண்பது போற வண்டி ஒண்ணு வந்திருக்கு."

முள் அப்போது பத்தில் இருந்தது.