இரவல் பீரியட்

“டீச்சர், இன்னிக்கும் உங்க பீரியடை நான் எடுத்துக்கறேன். போர்ஷன் முடியல.”

கேட்கிற தோரணையா அது? சொல்லி முடிப்பதற்குள் கணக்கு வாத்தியார் பாட்டு அறைக்குள் நுழைந்து கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ‘ஐயோ’ என்று முனகினார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு பாட்டு வகுப்பு. அதையும் மைனஸ் சார் பிடுங்கிக்கொண்டார். விடைத்தாளில் ஒரு புள்ளி பிசகினாலும் மார்க்கைக் கழித்துவிடுவார் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர்.

பாட்டு டீச்சர் கீபோர்டை உறையில் போட்டு மூடினாள். கொஞ்ச நாளாகவே எந்த வகுப்புக்குப் பாட்டு இருந்தாலும் இந்த மனிதர் வந்து நிற்கிறார். அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே நிம்மதியும் வந்தது. நிம்மதி வந்ததே என்று இன்னொரு முறை கோபம் வந்தது.

“டல்லா இருக்கீங்க. ஸ்டாஃப் ரூம்ல போய்ப் பேசாம உக்காருங்க” என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே.

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். பக்கத்து அறைதான் அவருடையது. ‘உங்க சத்தத்துல என் பசங்களுக்கு ஒண்ணும் ஏற மாட்டேங்குது’ என்று வருஷக்கணக்காகக் குறைப்பட்டவர்.

அவள் வாசலைத் தாண்டும்போது ஒரு மாணவியின் குரல் கேட்டது.

“சார், இந்தக் கணக்கைப் போன வாரமே முடிச்சிட்டோம்.”

“முடிச்சா மறக்க மாட்டியா? திரும்பப் போடு.”

பாட்டு என்றால் அவ்வளவு இளக்காரம்!

அவளுடைய நிம்மதிக்குக் காரணம் வேறு. ஒரு நாள் பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் விரிசல் விட்டது. ‘சளி’ என்று பிள்ளைகளிடம் சமாளித்தாள். தொண்டையைப் பார்த்த டாக்டர் சமாளிக்கவில்லை.

“குரல் நாண்ல முடிச்சு இருக்கும்மா. கொஞ்ச மாசம் பாடவே கூடாது. மீறினா அப்புறம் எப்பவுமே பாட முடியாது.”

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னாள்.

“மேடம்கிட்ட சொல்லி லீவு போட்டுடேன்” என்றார் அவர்.

“தையல் டீச்சரும் லீவுதானே போட்டாங்க?”

தையல் டீச்சர் முதுகுவலி என்று போனாள். திரும்பி வந்தபோது தையல் அறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருந்தார்கள். ‘இத்தனை நாள் தையல் இல்லாமதானே ஓடுச்சு’ என்று அனுப்பிவிட்டார்கள். தையல், ஓவியம், பாட்டு எல்லாம் ஆண்டு விழாவுக்கு வேண்டும். மற்ற நாளில் ‘அது எதுக்கு?’

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை ஸ்டாஃப் ரூமுக்கே வந்தாள்.

“பாட்டு டீச்சர், வெள்ளிக்கிழமை உங்க வகுப்புல வந்து உக்காரப் போறேன். அடுத்த வருஷம் எந்தெந்தப் பாடம் வேணும்னு முடிவு பண்ணணும். புதுப் பாட்டு ஒண்ணு சொல்லிக் குடுங்க. நீங்க பாடி நான் கேக்கணும்.”

பாட்டு டீச்சர் தலையாட்டினாள். எதிரே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. தலைமை ஆசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பாட்டு டீச்சர் கீபோர்டில் மெட்டை ஒருமுறை வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். மூன்றாவது முறையும் வாசித்தாள்.

“பாடுங்க டீச்சர்.”

பாடினால் குரல் போகும். பாடாவிட்டால் வேலை போகும். கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

“டீச்சர், இந்தப் பீரியடை எனக்குக் குடுத்துடுங்க. போர்ஷன் முடியல.”

வாசலில் சாக்பீஸ் டப்பாவோடு மைனஸ்!

தலைமை ஆசிரியை எழுந்தாள். “நான் இங்க உக்கார்ந்திருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?”

“தெரியுது மேடம். பரீட்சை வருதே. பாட்டா மார்க் வாங்கிக் குடுக்கப் போகுது?”

“என் முன்னாலேயே இவ்வளவு துணிச்சலா? இதுவரைக்கும் எத்தனை பீரியட் இப்படிப் பிடுங்கினீங்க?”

“எண்ணல மேடம்.”

“கணக்கு வாத்தியாரு... எண்ணலையாம்!” என்றது ஒரு பொடிக்குரல். வகுப்பு கொல்லென்று சிரித்தது. தலைமை ஆசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது.

“துணைத் தலைமைப் பொறுப்புக்கு உங்க பேரைத்தான் நினைச்சிருந்தேன். அந்த எண்ணத்தை இப்பவே விட்டுடறேன். இனி இந்த அறைப் பக்கம் நீங்க காலெடுத்து வைக்கக் கூடாது. வாங்க என் ரூமுக்கு!”

போகிற போக்கில் பாட்டு டீச்சரிடம் திரும்பினாள். “நீங்களும் இப்படி வாயில்லாப் பூச்சியா இருக்காதீங்கம்மா. உங்க பாட்டை முழுப் பரீட்சை முடிஞ்சப்புறம் நிதானமா வந்து கேக்கறேன்.”

இழுத்த மூச்சைப் பாட்டு டீச்சர் அப்போதுதான் விட்டாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் குழாயடியில் கணக்கு வாத்தியார் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைக் கழுவிக்கொண்டிருந்தார். அத்தனை நாள் அடக்கியதெல்லாம் அவளுக்குப் பொங்கி வந்தது. பொங்கி வந்ததும் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

“திருப்தியா சார்? வர வேண்டிய பதவியும் போச்சு, பீரியடும் போச்சு. அந்தப் போர்ஷனை இனி எப்படி முடிப்பீங்க?”

அவர் குழாயை நிதானமாக மூடினார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

“உங்க அறைக்கும் என் அறைக்கும் நடுவுல ஒரு சுவர்தானே டீச்சர்? பாட்டு நடுவுல உங்க குரல் உடைஞ்ச அன்னிக்குத்தான் என் போர்ஷனே ஆரம்பிச்சுது.”

அவள் கை தானாகத் தொண்டையைத் தொட்டது.

“கவலைப்படாதீங்க. ஓவிய டீச்சர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். உங்க குரல் திரும்பி வர்ற வரைக்கும் இனி அவங்க போர்ஷன் முடியாது.”